கோப்பைத் தரவுத்தளத்துக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா: வட்டு இடத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

விண்ணப்பங்களோடு வரும் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து சேமிக்கும் ஒரு செயலியை வடிவமைப்பவர்கள், அந்தக் கோப்புகளைத் தரவுத்தளத்துக்குள்ளேயே வைப்பதா, வெளியே ஒரு கோப்புறையில் வைத்துவிட்டு அதன் முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் குறித்துக்கொள்வதா என்ற கேள்வியைப் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, அதுவும் தேநீர் ஆறுவதற்குள், முடித்துவிடுகிறார்கள். அந்த முடிவின் விலை தெரிவது மூன்று ஆண்டுகள் கழித்து, வட்டு 90 விழுக்காடு நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வந்து, பழைய கோப்புகளில் பாதியை அழித்த பிறகும் அந்த எண் அசையாமல் நிற்கும் நாளில்தான். ஆகவே எது வேகமாக எழுதும் என்பதைவிட, ஒரு கோப்பு எத்தனை இடங்களில் நகலாகிறது, அதை அழித்தால் இடம் எப்போது திரும்பி வருகிறது என்ற இரண்டு கேள்விகளையே இந்த ஒப்பீட்டுக்கு உரைகல்லாகக் கொள்கிறேன்.

கேள்வி எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானது. விடையோ ஒவ்வொன்றின் உள்ளமைப்பையும் பொறுத்தது. எனவே போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை மையமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை இடையிடையே தொட்டுச் செல்கிறேன். கணக்குக்காக, சராசரியாக 1 எம்பி அளவுள்ள 2 லட்சம் கோப்புகள், அதாவது ஏறக்குறைய 200 ஜிபி என்று எடுத்துக்கொள்வோம். நம்முன் உள்ள வழிகள் நான்கு: அட்டவணையின் ஒரு புலத்திலேயே, பைட்டுகளை அப்படியே ஏற்கும் பைட்-ஏ என்ற தரவு வகையாக வைப்பது, போஸ்ட்கிரெஸ் தனியே தரும் லார்ஜ் ஆப்ஜெக்ட் வசதியைப் பயன்படுத்துவது, சர்வரின் கோப்பு முறைமையில் சாதாரணக் கோப்பாக வைப்பது, அமேசான் எஸ்-3 போல இணையம் வழியே கோப்புகளைச் சேமித்துத் தரும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜிடம் ஒப்படைப்பது.

முதல் வழியை விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம். போஸ்ட்கிரெஸ் தன் அட்டவணைகளை 8 கேபி அளவுள்ள பக்கங்களாக வட்டில் வைக்கிறது. ஒரு பதிவு ஒரு பக்கத்தைத் தாண்டிப் படரக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. 1 எம்பி படம் அந்தச் சின்னப் பக்கத்துக்குள் எப்படி அடங்கும் என்பதற்கு, 2001-இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து, டோஸ்ட் என்னும் ஏற்பாடு விடையாக இருக்கிறது. பதிவின் அளவு ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டினால், பெரிய புலத்தை முதலில் சுருக்கிப் பார்த்து, அப்போதும் அடங்காவிட்டால் அதை 1,996 பைட் துண்டுகளாக வெட்டி, அந்த அட்டவணைக்கென்றே இருக்கும் துணை அட்டவணையில் துண்டுக்கு ஒரு பதிவாக வைத்துவிடுகிறது. மூல அட்டவணையில் எஞ்சுவது 18 பைட் சுட்டி மட்டுமே. நம் 1 எம்பி கோப்பு 526 துண்டுகளாகிறது. 1,996 என்பது விசித்திரமான எண்ணாகத் தோன்றினாலும், தலைப்புத் தகவல்களையும் சேர்த்து ஒரு பக்கத்தில் நான்கு துண்டுகள் சிக்கென அடங்க வேண்டும் என்று கணக்கிட்டு வைத்த அளவு அது. அதனால் ஒரு பக்கத்தில் கோப்பல்லாத செலவு 208 பைட், அதாவது 2.5 விழுக்காடு, துண்டுகளைத் தேட உதவும் இன்டெக்ஸ் இன்னும் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேலே இடம் கேட்கும். 200 ஜிபி கோப்புகள் ஏறக்குறைய 208 ஜிபியில் அடங்கிவிடுகின்றன. தரவுத்தளத்துக்குள் வைத்தால் இடம் இரட்டிப்பாகும் என்று பலரும் சொல்வது, சேமிப்பை மட்டும் பார்த்தால், சரியன்று.

சுருக்கிப் பார்ப்பதில் ஒரு சின்ன வீண்வேலை உண்டு. ஜேபெக் படங்களும், ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் சுருக்க முனைவது பிழிந்த கரும்பை இன்னொரு முறை ஆலையில் கொடுப்பதைப் போன்றது. அந்தப் புலத்தின் சேமிப்பு முறையை ‘எக்ஸ்டர்னல்’ என்று மாற்றிவிட்டால் சுருக்கும் முயற்சியே நடக்காது. கோப்பின் நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் கேட்கும்போது, தேவையான துண்டுகளை மட்டும் எடுத்துத் தரும் வசதியும் கூடவே கிடைக்கும்.

சிக்கல் அழிக்கும்போது தொடங்குகிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பதிவை அழித்தால் அது அந்த நொடியே மறைவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேறு பரிவர்த்தனைகளுக்காக, அதாவது முழுமையாக நிறைவேறும் அல்லது முழுமையாகக் கைவிடப்படும் செயல்தொகுப்புகளுக்காக, அங்கேயே கிடக்கிறது. பிறகு வேக்கூம் என்னும் துப்புரவுப் பணி வந்து, அந்த இடத்தை இனி வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தலாம் என்று குறித்துவைக்கிறது. அந்த இடம் அட்டவணைக்குத்தான் திரும்பிக் கிடைக்கிறது, இயக்க முறைமைக்கன்று. அட்டவணையின் கடைசியில் தொடர்ச்சியாக வெறுமையாகிவிட்ட பக்கங்களை மட்டுமே வேக்கூம் வெட்டி வட்டுக்குக் கொடுக்கும். 100 ஜிபி கோப்புகளை அழித்தும் வட்டின் அளவு மாறவில்லையே என்று திகைப்பவர்கள் காண்பது இதைத்தான். வேக்கூம் ஃபுல் இடத்தை முழுமையாக மீட்டுத் தரும். ஆனால் அது அட்டவணையை முற்றாகப் பூட்டிவைத்துக்கொண்டு, உயிரோடுள்ள பதிவுகளை எல்லாம் புதிய கோப்பில் எழுதி முடித்த பிறகே பழையதை விடுவிக்கிறது. எஞ்சியிருக்கும் 100 ஜிபியை எழுத இன்னொரு 100 ஜிபி காலியாக இருக்க வேண்டும். இடமில்லை என்று வந்து நிற்பவரிடம் முதலில் கொஞ்சம் இடம் கொடு என்று கேட்பதுதான் அது. பூட்டாமலேயே இதைச் செய்யும் பிஜி-ரீபேக் போன்ற துணைக்கருவிகளும் அந்தத் தற்காலிக இடத்தைக் கேட்கத்தான் செய்கின்றன.

இதற்கு நல்ல மாற்று, கோப்புகளின் அட்டவணையை மாதவாரியாகவோ ஆண்டுவாரியாகவோ பிரித்து வைப்பதாகும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு கோப்பு தேவையில்லை என்பது விதியானால், அந்த ஆண்டின் பிரிவையே கைவிட்டுவிடலாம். பிரிவின் கோப்புகள் வட்டிலிருந்து உடனே அகன்று, இடம் முழுவதும் அப்போதே திரும்பக் கிடைக்கும். அழித்தல் காலத்தை ஒட்டி நடக்கும் நிறுவனங்களுக்கு, பைட்-ஏ வழியை எதிர்க்கும் முக்கியமான வாதத்தை இந்த ஒரே ஏற்பாடு முறியடித்துவிடுகிறது என்பது என் கருத்து. ஆனால் எந்தக் கோப்பு எப்போது அழியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத செயலிகளுக்கு இது உதவாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவைத் திருத்துவதும் உள்ளுக்குள் புதிய பதிப்பை எழுதுவதுதான் என்பதால், விண்ணப்பதாரரின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினாலே 1 எம்பி படமும் மறுபடி எழுதப்படும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. படத்தைத் தொடாத திருத்தத்தில் 18 பைட் சுட்டி மட்டுமே நகலாகிறது. 526 துண்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அடுத்தது நகல்களின் எண்ணிக்கை. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு முன்னெழுது பதிவேட்டில் எழுதுகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வால்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் பொருந்துவது தற்செயல்தான் என்றாலும், பெரிய கோப்புகளை ஏற்றும்போது அது நீண்டுகொண்டே போவதைப் பார்த்தவர்கள் பொருத்தத்தை மறுக்க மாட்டார்கள். 1 எம்பி படம் உள்ளே போனால் வாலிலும் 1 எம்பி எழுதப்படுகிறது. அந்த வால்தான் முதன்மைச் சர்வரின் நகலாக இயங்கும் ரெப்ளிகா சர்வருக்கும் செல்கிறது, காப்பகத்திலும் சேர்கிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். முதன்மைச் சர்வரில் 200, ஒரு ரெப்ளிகாவில் 200, வாரம் ஒருமுறை எடுக்கும் முழுக் காப்புப்பிரதிகளில் கடைசி இரண்டை வைத்திருந்தால் 400, தொடக்கத்தில் கோப்புகளை மொத்தமாக ஏற்றும் வாரத்தில் வால் காப்பகத்தில் 200. ஆக, 200 ஜிபி கோப்புகளுக்கு 1,000 ஜிபி வட்டு. ஒரு முறை எழுதிய பிறகு என்றுமே மாறாத கோப்புகளை வாரந்தோறும் முழுமையாக நகலெடுக்கிறோம் என்பதே இதிலுள்ள உண்மையான விரயம். வெளியே கோப்புகளாக வைத்து, புதிதாக வந்தவற்றை மட்டும் நகலெடுத்தால், முதன்மை, மாற்றுச் சர்வர், காப்புப்பிரதி மூன்றுக்கும் சேர்த்து 600 ஜிபி போதும். 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17-ஆம் பதிப்பில் மாறிய பக்கங்களை மட்டும் எடுக்கும் படிமுறைக் காப்புப்பிரதி சேர்க்கப்பட்டிருப்பதால், இந்த இடைவெளி முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

காப்புப்பிரதிக்கு, தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை வெளியே எழுதித் தரும் பிஜி-டம்ப் கருவியை நம்பியிருப்பவர்கள் வேறொரு சுவரில் மோதலாம். அது பைட்-ஏ புலத்தைப் பதினாறின்மான எழுத்துகளாக வெளியிடுவதால், சுருக்கத்துக்கு முன் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்தாகிறது. புலத்தின் உச்சவரம்பு 1 ஜிபி என்று ஆவணம் சொன்னாலும், எழுத்து வடிவில் இரட்டிப்பான பிறகும் அதே 1 ஜிபி வரம்பு பொருந்துவதால், ஏறக்குறைய 500 எம்பியைத் தாண்டிய கோப்பு உள்ளே சுகமாக இருக்கும், டம்ப் எடுக்கும்போது மட்டும் பிழை காட்டி நின்றுவிடும். பெரிய காணொளிகளைப் பைட்-ஏ புலத்தில் வைக்கவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டாவது வழியான லார்ஜ் ஆப்ஜெக்ட், அந்தக் காணொளிகளுக்காகவே அமைந்தது போலத் தோன்றும். 9.3 பதிப்பிலிருந்து ஒரு பொருளின் வரம்பு 4 டிபி. கோப்பைத் திறந்து, வேண்டிய இடத்துக்கு நகர்ந்து, பகுதி பகுதியாகப் படிக்கவும் எழுதவும் முடியும். முழுக் கோப்பும் நினைவகத்துக்கு வர வேண்டியதில்லை. ஆனால் வட்டுக் கணக்கில் நான்கு வழிகளுள் இதுவே மோசமானது. இங்கே துண்டின் அளவு 2,048 பைட். எட்டு கேபியை நான்கால் வகுத்தால் வருவது அதுவே என்பதால் பக்கத்துக்கு நான்கு துண்டுகள் அடங்கும் என்று நினைப்போம். தலைப்புத் தகவல்களையும் சேர்த்தால் நான்காவது துண்டுக்கு இடம் போதாது. உள்ளடக்கம் சுருங்கக்கூடியதாக இருந்தால் துண்டுகளைச் சுருக்கி வைத்து அது சமாளித்துவிடும். சுருங்காத ஜேபெக் படமானால் பக்கத்துக்கு மூன்று துண்டுகள்தாம், மீதி கால்பங்கு வெற்றிடம். நம் 200 ஜிபி இங்கே 267 ஜிபியாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை, அட்டவணையில் இருப்பது பொருளின் எண் மட்டுமே என்பது. பதிவை அழித்தால் எண் போகும், பொருள் போகாது. அதைத் தனியே அழிக்க வேண்டும், அல்லது அதற்கென, பதிவு அழியும்போது தானாக இயங்கும் ஒரு ட்ரிக்கர் வைக்க வேண்டும், அல்லது வேக்கூம்-எல்ஓ என்ற கருவியை அவ்வப்போது ஓட்டி அநாதைப் பொருள்களைக் களைய வேண்டும். தரவுத்தளத்திலுள்ள அத்தனை பொருள்களும் ஒரே அமைப்பு அட்டவணையில் குவிவதால், காலவாரியாகப் பிரித்துக் கைவிடும் உத்தியும் இங்கே செல்லாது. அட்டவணைகளின் மாற்றங்களைப் பதிவு பதிவாக வேறு சர்வருக்கு அனுப்பும் தருக்கவழி ரெப்ளிகேஷன் இவற்றை நகலெடுப்பதும் இல்லை. பழைய செயலியொன்று ஏற்கெனவே இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் ஒழிய, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றத் தரவுத்தளங்களிலும் கதை பெரிதாக வேறுபடுவதில்லை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி 16 கேபி பக்கங்களைப் பயன்படுத்துகிறது. வெளிப்பக்கங்களுக்குத் தள்ளப்படும் பெரிய மதிப்புகள் ஒன்றோடொன்று பக்கத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை என்பதால், 17 கேபி சிறுபடம் ஒன்று 32 கேபியைப் பிடித்துக்கொள்ளும். சிறுபடங்கள் லட்சக்கணக்கில் இருந்தால் இது கவனிக்க வேண்டிய செலவு. அங்கும் அழித்த இடம் அந்த அட்டவணையின் கோப்புக்குள்ளேயே தங்கும். அட்டவணையை மறுபடி கட்டும் ஆப்டிமைஸ் கட்டளைதான் அதை வெளியே விடும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2008-இல் கொண்டுவந்த ஃபைல்ஸ்ட்ரீம் ஓர் அழகான நடுவழி: கோப்பு, விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் கோப்புறையில் சாதாரணக் கோப்பாக இருக்கும், ஆனால் பரிவர்த்தனையும் காப்புப்பிரதியும் தரவுத்தளத்தின் பொறுப்பில் இருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கு நேரான வசதி இல்லாதது ஒரு குறையே.

இனி கோப்பு முறைமை. இடக் கணக்கில் இது எளிமையானது: லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி-4 பொதுவாக 4 கேபி கட்டங்களாக இடத்தை ஒதுக்குவதால், கோப்புக்குச் சராசரியாக 2 கேபி வீணாகும், 2 லட்சம் கோப்புகளுக்கு அது 400 எம்பிதான். அழித்தால் இடம் உடனே திரும்பும். ஆனால் கோப்புகள் மிகச் சிறியனவாகவும் மிகப் பலவாகவும் இருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு, அதாவது அதன் விவரங்களைக் குறித்துவைக்கும் ஒரு பதிவு, வேண்டும். ஈஎக்ஸ்டி-4 வட்டை வடிவமைக்கும்போதே, இயல்பாக 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில், அவற்றின் எண்ணிக்கையை நிர்ணயித்துவிடுகிறது. 3 கேபி சிறுபடங்களால் வட்டை நிரப்பினால், பெரும்பகுதி காலியாக இருக்கும்போதே வட்டில் இடமில்லை என்ற செய்தி வரும். ஃபேஸ்புக் தன் படங்களுக்கு ஹேஸ்டேக் என்ற அமைப்பை உருவாக்கி 2010-இல் அதை விவரித்தபோது சொன்ன காரணமும் இதற்கு நெருக்கமானது: படத்தைப் படிப்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்று கோப்பு முறைமையைக் கேட்பதே வட்டுக்குப் பெரிய சுமையாகியிருந்தது. அவர்கள் படங்களை எல்லாம் பெரிய கோப்புகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார்கள்.

வெளியே வைப்பதன் உண்மையான விலை இடத்தில் இல்லை, ஒத்திசைவில் இருக்கிறது. பதிவு இருந்து கோப்பு இல்லாமல் போவதும், கோப்பு இருந்து பதிவு இல்லாமல் போவதும் நேரும். இரண்டும் ஒரே தரமான குற்றங்கள் அல்ல: பின்னது கொஞ்சம் இடத்தை வீணாக்கும், முன்னது ஒருவருடைய சான்றிதழையே தொலைத்துவிடும். ஆகவே கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் உறுதியாகப் பதிந்ததென்று தெரிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றி, அதன்பின் தரவுத்தளப் பரிவர்த்தனையை முடிக்க வேண்டும். அழிக்கும்போது முதலில் பதிவை அழித்து, கோப்பைச் சில நாள்கள் கழித்து ஒரு துப்புரவு நிரல் அகற்ற வேண்டும். காப்புப்பிரதியிலும் வரிசை முக்கியம்: தரவுத்தளம் முதலில், கோப்புகள் பிறகு. அப்படி எடுத்தால், தரவுத்தளப் பிரதியில் குறிக்கப்பட்ட கோப்பு எதுவும் கோப்புப் பிரதியில் இல்லாமல் போகாது. கோப்பின் உள்ளடக்கத்துக்கு எஸ்ஹெச்ஏ-256 என்னும் கைரேகை போன்ற மதிப்பைக் கணக்கிட்டு அதையே பெயராக வைப்பது, ஒரே சான்றிதழைப் பத்து முறை பதிவேற்றினாலும் ஒரே கோப்பாகச் சேமிக்க உதவும். மூன்று வழிகளில் வட்டைச் சேமிக்க முயல்வதைவிட இந்த ஒரு பழக்கம் அதிகம் சேமித்துத் தரக்கூடும்.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். வட்டு நிரம்பும் கவலை மட்டும் மாதக் கட்டணமாக உருமாறுகிறது. எழுதியவுடன் படித்தால் புதியது கிடைக்குமா என்ற பழைய ஐயத்தை 2020 டிசம்பரில் அமேசான் எஸ்-3 தீர்த்துவைத்தது. ஆனால் அழித்த இடம் திரும்பாத நோய் இங்கேயும் வேறு வேடத்தில் வருகிறது. பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அழித்தல் என்பது ஓர் அடையாளம் வைப்பது மட்டுமே. பழைய பதிப்பு இருந்துகொண்டே இருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். பகுதி பகுதியாகப் பதிவேற்றத் தொடங்கிப் பாதியில் நின்றுபோனவையும் அப்படியே கண்ணுக்குத் தெரியாமல் தங்கும். இரண்டையும் குறித்த நாள்களுக்குப் பிறகு நீக்கும் விதியை முதல் நாளே எழுதிவிட வேண்டும். குறைவாகப் பயன்படுவனவற்றுக்கான மலிவு வகுப்பில் 128 கேபிக்குக் குறைந்த பொருளுக்கும் 128 கேபிக்கான கட்டணமே விதிக்கப்படும் என்பதால், சிறுபடங்களை அங்கே தள்ளுவது சிக்கனமாகாது.

எந்த அளவில் கோடு போடுவது என்பதற்கு அளந்து பார்த்த சான்றுகள் இரண்டு உண்டு. ரஸ்ஸல் சியர்ஸ், கேத்தரீன் வான் இங்கன், ஜிம் கிரே ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் எஸ்கியூஎல் சர்வரையும் என்டிஎஃப்எஸ்ஸையும் ஒப்பிட்டு, 256 கேபிக்குக் குறைந்தவை தரவுத்தளத்துக்கும் 1 எம்பிக்கு மிகுந்தவை கோப்பு முறைமைக்கும் ஏற்றவை, இடைப்பட்டவை எவ்வளவு அடிக்கடி திருத்தி எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தவை என்று கண்டார்கள். ஒரே கோப்பில் அடங்கும் சிறிய தரவுத்தளமான எஸ்கியூலைட்டின் உருவாக்குநர்கள், 10 கேபி அளவுள்ள சிறுபடங்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் படிப்பதைவிடத் தங்கள் தரவுத்தளத்திலிருந்து படிப்பது ஏறக்குறைய 35 விழுக்காடு விரைவானது என்றும், வட்டில் 20 விழுக்காடு அளவுக்கு இடம் மிச்சமாகிறது என்றும் அளந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் போடும் கோடு 100 கேபி அளவில் விழுகிறது. திறந்து மூடும் வேலை கோப்புக்குக் கோப்பு நடக்காமல் ஒரே முறையோடு நின்றுவிடுவதே காரணம்.

இவற்றை வைத்து என் முடிவு இது. சிறுபடங்கள், கையொப்பப் படங்கள் போல 100 கேபிக்குள் அடங்குவன தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். மொத்தமே 20, 30 ஜிபிதான் என்றால், ஒவ்வொன்றும் சில எம்பி இருந்தாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே காப்புப்பிரதியில் எல்லாம் அடங்கும் நிம்மதி, தனி நிர்வாகி இல்லாத சிறிய அலுவலகத்துக்குச் சில ஜிபியைவிட மதிப்பு மிக்கது. நம் எடுத்துக்காட்டைப் போல 200 ஜிபி இருந்து, ஆண்டுதோறும் வளரவும் செய்யுமானால், கோப்புகள் வெளியே போவதே முறை. சட்டப்படி பதிவும் கோப்பும் ஒரே பரிவர்த்தனையில் நிலைபெற வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும், காலவாரியாகப் பிரித்த பைட்-ஏ அட்டவணையைத் தேர்ந்து, அதற்கான வட்டை ஐந்து மடங்காகக் கணக்கிட்டு வாங்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், கோப்பின் உள்ளடக்கம் விண்ணப்ப அட்டவணையில் ஒரு புலமாக இருக்க வேண்டாம். கோப்பின் எண், அளவு, வகை, எஸ்ஹெச்ஏ-256 மதிப்பு, அது இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்ட தனி அட்டவணை ஒன்று இருந்து, உள்ளடக்கம் அதற்கும் அப்பால் இன்னோர் அட்டவணையிலோ வட்டிலோ இருந்தால், இன்று உள்ளே வைத்ததை நாளை வெளியே கொண்டுபோகும்போது செயலியின் ஒரே ஒரு பகுதியை மட்டும் திருத்தினால் போதும்.